நஞ்சும் கண்ணாடியும்: உலோகக் கழிவை உருக்கியடக்கும் முயற்சியின் வரலாறு

கண்ணாடி வினைஞர் உலோகங்களின் இயல்பை இரசாயனவியலாளருக்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்துருகிய பாகிற் சிறிதளவு கோபாற்று கலப்பின் நீலம் தோன்றும். செம்பு கலப்பின் உலையின் நிலைக்கேற்பப் பச்சையோ செம்மையோ பிறக்கும். மங்கனீசு ஊதா நிறத்தைத் தரும். அரிக்கமேட்டிலும் மாந்தையிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளுட் பல இன்றும் நிறத்தோடு விளங்குவதற்கு அவற்றுட் கரைந்து நிற்கும் உலோகங்களே காரணம். நிறத்தை நாடிய அவ்வினைஞர் தாம் உலோகத்தைச் சிறைப்படுத்துவதாக ஒருபோதும் எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் அவர் செய்தது அதுவே.

1789 ஆம் ஆண்டிலே கிளாப்ரொத் என்னும் செருமானிய இரசாயனவியலாளர் யுரேனியத்தை இனங்கண்டார். அவ்வுலோகத்துக்குக் கிடைத்த முதற் கைத்தொழிற் பயன் கண்ணாடிக்கு நிறமூட்டுவதாகும். 1830 களிலே பொகீமியாவின் கண்ணாடிச் சாலைகளில் மஞ்சளும் பச்சையும் கலந்தொளிரும் யுரேனியக் கண்ணாடி பெருவழக்காயிற்று. இத்தொழிலுக்கு வேண்டிய தாதுவை அளித்த யோவாக்கிம்சுதால் என்னுமிடத்தில், யுரேனியம் பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய கழிவு அருகிலிருந்த பைன் காட்டிற் கொட்டப்பட்டுக் கிடந்தது. எவரும் விலைமதியாத அக்கழிவையே மேரி கியூரியும் பியேர் கியூரியும் பாரிசு நகருக்கு வருவித்து அதிலிருந்து ரேடியத்தைப் பிரித்தனர். கண்ணாடிக்காகத் தோண்டப்பட்ட உலோகத்தின் கழிவு அணுயுகத்தின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று. அரை நூற்றாண்டு கழிந்தபின், அவ்வணுயுகத்தின் கழிவை என்செய்வதென்று அறியாது திகைத்தோர் மீண்டும் கண்ணாடியையே நாடினர்.

கண்ணாடியாக்கல் எனப்படும் இம்முறையின் பொறியியல் நுட்பங்களை விரித்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே முறை ஒரு நாட்டிற் சில ஆண்டுகளுள் நடைமுறைக்கு வந்ததையும், பிறிதோரிடத்திலே எண்பது ஆண்டுகள் கடந்தும் பெரும்பகுதி நிறைவேறாதிருப்பதையும், இன்னோரிடத்தில் வெடிப்போடு கைவிடப்பட்டதையும் நாம் காண்கிறோம். இவ்வேறுபாட்டுக்கு உலையின் அமைப்பு ஓரளவே காரணம். கழிவை உண்டாக்கியோர் அதனை எவ்வாறு வைத்தனர், அதுபற்றி என்ன எழுதிவைத்தனர் என்பவற்றிலேயே பெரிதும் அதன் காரணம் தங்கியுள்ளது என்பது இங்கு நிறுவ முயலப்படும் கருத்தாகும்.

முதற்கண், கண்ணாடி உலோகத்தை எவ்வாறு பிடித்துவைக்கின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். சீமெந்துக் கலவையில் நச்சுக் கழிவைக் குழைத்து இறுகவிடும்போது கழிவு பெரும்பாலும் கலவையின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கும். நீர் புகுந்தால் ஒரு பகுதி வெளியேறவும் கூடும். கண்ணாடியின் நிலை வேறு. சிலிக்கனும் ஒட்சிசனும் ஒழுங்கற்ற வலைபோலப் பின்னிநிற்க, உருகிய உலோக ஒட்சைட்டுகளின் அயன்கள் அவ்வலையின் இடைவெளிகளிற் புகுந்து அதன் உறுப்பாகவே ஆகிவிடுகின்றன. உலோகத்தை வெளியேற்ற வேண்டுமாயின் வலையையே கரைக்க வேண்டும். பளிங்குகளைப் போல ஒழுங்கான அமைப்பில்லாமையால், குறித்த ஓரயனுக்கு மாத்திரம் இடமளிக்கும் பிடிவாதமும் கண்ணாடிக்கு இல்லை. கழிவில் இருப்பதோ முப்பது நாற்பது மூலகங்கள். அவற்றையெல்லாம் ஒருங்கே ஏற்கும் பொருள் என்ற வகையிற் கண்ணாடிக்கு நிகரானவை சிலவே. 1880 களிலே செருமனியின் யேனா நகரில் ஒற்றோ சொற் என்பார் வளர்த்தெடுத்த போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி, நீருக்கும் வெப்பத்துக்கும் எளிதில் அசையாதது என ஆய்வுகூடங்கள் நன்கறிந்திருந்தமையால் இப்பணிக்கு அதுவே பிற்காலத்தில் தெரிந்தெடுக்கப்பட்டது.

எனினும் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்கும் எனக் கருதிவிடலாகாது. இரசம் உலை வெப்பத்தில் ஆவியாகிப் புகையோடு போய்விடும். ஆசனிக்கு, கட்மியம், ஈயம் ஆகியவற்றிலும் கணிசமான பங்கு ஆவியாகும். புகையைக் கழுவி அவற்றை மீளப்பிடிக்காவிடின், நிலத்தில் இருந்த நஞ்சைக் காற்றுக்கு மாற்றியதே மிச்சம். குரோமியம் ஆவியாகாது; ஆனால் அளவு மிகுந்தால் இரும்பு, நிக்கல் என்பவற்றோடு கூடிப் பளிங்காகி உலையின் அடியிற் படியும். ருத்தேனியம், பலேடியம் போன்ற பிளாற்றின இன உலோகங்கள் கண்ணாடியிற் கரைவதே அரிது. யப்பானின் றொக்காசோ ஆலையில் 2007 க்கும் 2013 க்குமிடையே நடந்த சோதனைகள் நீண்ட காலம் தடைப்பட்டமைக்கு, இவ்வுலோகங்கள் உலையின் அடியிற் படிந்து பாகு வழியும் வாயிலை அடைத்தமையே முதன்மையான காரணம். ஆகவே உலைக்குள் எது எவ்வளவு போகின்றது என்பதை முன்கூட்டியே அறியாதவனுக்குக் கண்ணாடி உதவாது.

கண்ணாடி எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற வினாவுக்கு விடையளிப்பதில் தொல்லியலும் பங்குகொண்டமை வரலாற்று மாணவர் மகிழ்தற்குரியது. புளூட்டோனியம்-239 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். அத்துணைக் காலத்துக்கு எவரும் சோதனை நடத்தியிருத்தல் இயலாது. இதனால் ஆய்வாளர் பழைய கண்ணாடியை நாடினர். பிரான்சின் தென்கரையை அடுத்த எம்பியே தீவின் அருகே, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் உரோமானியக் கப்பலொன்று பல தொன் கண்ணாடிக் கட்டிகளோடு மூழ்கியது. ஏறக்குறைய 1800 ஆண்டுகள் கடலடியிற் கிடந்த அக்கட்டிகளைப் பிரெஞ்சு அணுசக்தி ஆய்வாளர் வெட்டிப் பார்த்தனர். புறத்தே நீர்பட்ட பகுதி மெல்லிய படலமாகவே மாறியிருந்தது. உட்புற வெடிப்புகளிற் பெரும்பாலானவற்றை மாற்றத்தால் விளைந்த பொருளே அடைத்துவிட்டிருந்தது. மறுபுறம் ஐரோப்பியத் தேவாலயங்களின் இடைக்காலச் சாளரக் கண்ணாடிகள் சில நூற்றாண்டுகளிலேயே பொருக்குவிட்டு உதிர்ந்துள்ளன. உரோமானியர் சோடாவைக் கொண்டு உருக்கினர். இடைக்கால வடவைரோப்பியர் மரச்சாம்பலிற் கிடைத்த பொற்றாசைக் கொண்டு உருக்கினர். ஆதலின் கண்ணாடி நிலைக்குமா என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. எந்தக் கண்ணாடி என்று கேட்க வேண்டும்.

கனடாவின் சோக் றிவர் ஆய்வுநிலையத்தார் இவ்வினாவைப் பிறிதொரு வழியில் அணுகினர். நெபலீன் சயனைற்றுப் பாறையை மூலப்பொருளாகக் கொண்டு, கதிர்த்தொழிற்பாடுடைய கழிவைச் சேர்த்து உருக்கிய சிறு கண்ணாடிக் கட்டிகள் இருபத்தைந்தை 1958 இலும், மேலும் இருபத்தைந்தை 1960 இலும் நிலத்தடி நீர் பாயும் மணலில் எவ்வித உறையுமின்றிப் புதைத்தனர். பின்பு ஆண்டுக்கணக்காக நீரோட்டத்தின் கீழ்த்திசை மண்ணை அளந்தனர். வெளியேறிய அளவு மிகச் சொற்பமென்பதும், அது காலஞ்செல்லச் செல்லக் குறைந்ததென்பதும் பெறப்பட்டன. பெருஞ்செலவில்லாத, பொறுமை மிக்க இச்சோதனை போதிய அளவு பேசப்படாமை வியப்புக்குரியது.

அணுக்கழிவுக்கு அப்பாலும் இம்முறை பரவியது. 1990 இல் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் ஆசனிக்குக் கழிவுகள் சிலவற்றுக்குக் கண்ணாடியாக்கலையே தகுந்த பரிகாரமாக ஏற்றது. யப்பானிலே நகரக் குப்பையை எரித்த சாம்பல், அதிலுள்ள ஈயம் முதலிய உலோகங்கள் காரணமாக உருக்கப்பட்டுக் கண்ணாடித் தன்மையான கசடாக்கப்பட்டு, வீதி அமைப்பிலும் பயன்பட்டது. இத்தகைய கழிவுப்பொருட்களைச் சோதிக்க அமெரிக்கர் வகுத்த முறையில், நொறுக்கிய துகள்கள் அசற்றிக்கமிலக் கரைசலிற் பதினெட்டு மணிநேரம் உருட்டப்படும். கரைசலில் ஈயமோ குரோமியமோ லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறைவாயின் கழிவு அப்பரீட்சையிற் சித்தியடையும். நடைமுறைக்கு இத்தகைய அளவுகோல் தேவையென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பதினெட்டு மணிநேரத்தைக் கொண்டு நூற்றாண்டுகளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் துணிவும் அதில் அடங்கியுள்ளது.

இனி, இவ்வரலாற்றின் நடுவிடமாகிய ஹான்போர்ட்டுக்கு வருவோம். 1943 இல் ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்த ஹான்போர்ட், வைற் புளவ்ஸ் ஆகிய கிராமங்களின் குடிகள் குறுகிய கால அறிவித்தலோடு வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அவ்வாற்றில் மீன்பிடித்து வாழ்ந்த வனப்பம் மக்களும் விலக்கப்பட்டனர். 1855 ஆம் ஆண்டு உடன்படிக்கை மூலம் யாக்கமா மக்கள் பெற்றிருந்த உரிமைகளும் இதனோடு முடக்கப்பட்டன. அடுத்த ஆண்டு செத்தெம்பரில் அங்கு அணுவுலை இயங்கத் தொடங்கியது. 1945 ஓகத்து 9 ஆந் திகதி நாகசாக்கி மீது வீசப்பட்ட குண்டின் புளூட்டோனியம் இங்கு ஆக்கப்பட்டதே.

யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பதற்கு அதனை நைத்திரிக்கமிலத்திற் கரைக்க வேண்டியிருந்தது. சிறிதளவு புளூட்டோனியத்துக்காகப் பெருந்தொகை அமிலக் கழிவு எஞ்சியது. அமிலத்தை அமிலமாகவே வைத்திருக்கக் கறையில் உருக்குத் தாங்கிகள் வேண்டும். போர்க்காலத்தில் அவ்வுருக்கு அருமையாயிருந்தது. ஆகவே கழிவோடு சோடியமைதரொட்சைட்டைக் கலந்து காரமாக்கி, மலிவான காபனுருக்குத் தாங்கிகளில் நிலத்தின்கீழ் இட்டனர். இம்முடிவு ஓரிரு ஆண்டுப் போருக்கான இடைக்கால ஏற்பாடாகவே கொள்ளப்பட்டது. ஆனால் காரமாக்கியவுடன் இரும்பு, அலுமினியம், பிசுமது, யுரேனியம் முதலியன வீழ்படிவாகிச் சேறாக அடியில் தங்கின; மேலே சோடியம் நைத்திரேற்றுக் கரைசல் நின்றது; அது வற்றவற்ற உப்புப் பாறையாக இறுகியது. ஒரே கழிவு மூவகைப் பொருளாயிற்று. அத்தோடு சேர்க்கப்பட்ட சோடியத்தினால் அதன் பருமனும் பன்மடங்காயிற்று. இன்று உருக்க வேண்டிய பொருளிற் பெரும்பகுதி அணுவுலையிலிருந்து வந்ததன்று. தாங்கியின் செலவைக் குறைப்பதற்காகச் சேர்த்த சோடியமே அதுவாகும்.

போர் முடிந்தும் அவ்வழக்கம் முடியவில்லை. 1943 தொடக்கம் 1964 வரை ஒற்றைச் சுவருள்ள 149 தாங்கிகளும், 1968 தொடக்கம் 1986 வரை இரட்டைச் சுவருள்ள 28 தாங்கிகளுமாக 177 தாங்கிகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 210 மில்லியன் லீற்றர் கழிவு சேர்ந்தது. மூன்று வெவ்வேறு பிரித்தெடுப்பு முறைகள் அடுத்தடுத்துக் கையாளப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய இரசாயனப் பொருட்களைக் கொணர்ந்து கொட்டியது. 1950 களில் யுரேனியத் தட்டுப்பாடு ஏற்படவே, முன்பு கொட்டிய சேற்றையே மீண்டும் அள்ளி யுரேனியத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி ஊற்றினர். சீசியத்தைப் படியச் செய்வதற்காகப் பெரோசயனைட்டுச் சேர்த்தனர். இடம்போதாத போதெல்லாம் ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினர். இவ்வளவும் இரகசியத்தின் திரைக்குள் நடந்தது. எந்தத் தாங்கியில் என்ன உள்ளது என்பதற்கு முழுமையான கணக்கு எவரிடமும் இல்லாதுபோனது.

கணக்கு இருந்தபோதும் அதனைப் படிப்பாரில்லை என்பதற்கு 1973 ஆம் ஆண்டு நிகழ்ந்த கசிவு சான்றாகும். T-106 என்னும் தாங்கியிலிருந்து ஏழு வாரமளவில் ஏறத்தாழ 435,000 லீற்றர் கழிவு நிலத்துள் இறங்கியது. நீர்மட்டம் தாழ்ந்துவருவதை அளவைகள் காட்டின. பணியாளர் அவற்றைக் குறித்தும் வைத்தனர். குறிப்பேட்டை உரியவர் பார்த்து உணர்ந்தது பிந்தியே. காலப்போக்கில் 67 தாங்கிகள் கசிந்தனவெனக் கொள்ளப்பட்டு, வெளியேறிய மொத்த அளவு ஏறத்தாழ 3.8 மில்லியன் லீற்றர் என மதிக்கப்பட்டது. பொதுமக்களின் வற்புறுத்தலினால் 1986 பெப்புருவரியிலே 19,000 பக்கம் கொண்ட பழைய ஆவணங்கள் வெளியிடப்பட்ட பின்னரே ஹான்போர்ட்டின் கடந்தகாலத்தை அயலிலுள்ளோர் ஓரளவு அறிந்தனர்.

தாங்கியிற் கழிவைத் திரவமாக வைத்திருப்பதன் ஆபத்தைச் சோவியத்து நாடு அதற்கு முன்பே அனுபவித்திருந்தது. யூரல் மலைப் பகுதியிலுள்ள மாயாக் ஆலையில் 1957 செத்தெம்பர் 29 ஆந் திகதி, குளிரூட்டல் தவறிய தாங்கியொன்றில் உலர்ந்த நைத்திரேற்றும் அசற்றேற்றும் வெடித்தன. பெருங் கொங்கிறீற்று மூடி தூக்கியெறியப்பட்டது. கதிர்த்தொழிற்பாட்டுத் தூசி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் படிந்தது. கிராமங்கள் பல வெறிதாக்கப்பட்டன. சொறஸ் மெத்வதேவ் என்னும் புலம்பெயர்ந்த உயிரியலாளர் 1976 இல் இதுபற்றி எழுதியபோது மேனாட்டு நிபுணர் சிலரே அதனை நம்ப மறுத்தனர். சோவியத்து அரசு 1989 இலேயே உண்மையை ஒப்புக்கொண்டது. மாயாக்கில் 1987 இல் கண்ணாடியாக்கல் தொடங்கியது. அங்குப் பொசுபேற்றுக் கண்ணாடி பயன்படுத்தப்பட்டது.

பிரான்சின் கதை இவற்றுக்கு மாறானது. றோன் ஆற்றங்கரையிலுள்ள மார்க்கூலில் 1958 இற் பிரித்தெடுப்பு ஆலை இயங்கத் தொடங்கியபோதே, கழிவை அமில நிலையிலேயே குளிரூட்டப்பட்ட கறையில் உருக்குத் தாங்கிகளில் வைத்தனர். அதற்குச் செலவு அதிகம். ஆனால் சேறும் உப்புப் பாறையும் உண்டாகவில்லை. கலக்கினால் ஒரே சீராக நிற்கும் திரவமாகவே கழிவு இருந்தது. ஒரு மாதிரி எடுத்துச் சோதித்தால் தாங்கி முழுவதையும் அறியலாம். 1969 தொடக்கம் 1973 வரை சிறு ஆலையொன்றிற் பழகியபின், 1978 இல் உலகின் முதலாவது கைத்தொழில் அளவிலான கண்ணாடியாக்கல் ஆலை அங்கே இயங்கத் தொடங்கியது. சுழலும் குழாயில் திரவம் உலர்ந்து பொடியாகி, கண்ணாடித் துகளோடு உலோக மூசையில் விழுந்து, 1100 பாகை செல்சியசு அளவில் உருகி, உருக்குக் கலன்களில் வார்க்கப்பட்டது. 1989 இலும் 1992 இலும் லா ஹேக்கிற் பெரிய ஆலைகள் எழுந்தன. தனக்கெனத் தனிமுறை வகுத்துவந்த பிரித்தானியாவும் ஈற்றில் பிரெஞ்சு முறையையே தழுவி, 1990 களின் தொடக்கத்திற் செலாபீல்டில் ஆலை அமைத்தது. பிரெஞ்சுப் பொறியியலாளரின் திறமையை எவரும் குறைத்துக் கூறார். ஆயின் அவர்தம் வெற்றியின் பாதி, இருபது ஆண்டுக்கு முன்னர்த் தாங்கிக்குச் செலவிட்ட பணத்தில் இருந்தது.

இந்தியாவிலும் இத்தகைய ஆலைகள் தாராப்பூர், துரொம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் அமைந்தன. துரொம்பேயின் பழங்கழிவிற் சல்பேற்று மிகுந்திருந்தது. பிரித்தெடுப்பிற் பயன்பட்ட இரும்புச் சேர்வையின் எச்சம் அது. சல்பேற்று வழக்கமான போரோசிலிக்கேற்றிற் கரையாது மேலே மஞ்சட் படலமாக மிதக்கும். சீசியத்தையும் தன்னோடு இழுத்துச் செல்லும். ஆகவே பேரியம் சேர்ந்த கண்ணாடியொன்றை அந்நாட்டு ஆய்வாளர் வகுத்தனர்.

ஒரு நேர்மையான ஐயத்தையும் இங்கே கூறிவிடல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் சவன்னா ஆற்று ஆலையிலும் கழிவு காரமாக்கப்பட்டுக் காபனுருக்குத் தாங்கிகளிலேயே இடப்பட்டது. ஆயினும் அங்கு 1996 இற் கண்ணாடியாக்கல் தொடங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைக் கலன்கள் வார்க்கப்பட்டுள்ளன. அப்படியாயின் தாங்கியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எவ்வாறு கூறலாம்? சவன்னாவில் 51 தாங்கிகளே இருந்தன. பிரித்தெடுப்பு முறைகளும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. எங்கு எது உள்ளது என்பதற்குக் கணக்கும் இருந்தது. போர்க்கால அவசரத்திலன்றி 1950 களிற் தொடங்கப்பட்ட ஆலை அது. உலோகத் தாங்கியின் குறையை எழுதப்பட்ட ஏடு ஓரளவு ஈடுசெய்தது எனலாம்.

ஏடு பொய்த்த இடத்திற் கண்ணாடி என்னவாகும் என்பதற்கு அவுத்திரேலியாவின் மறலிங்காவே எடுத்துக்காட்டு. தென் அவுத்திரேலியப் பாலையில், ஆதிக்குடிகளின் நிலத்தில், 1956 இலும் 1957 இலும் பிரித்தானியர் ஏழு அணுகுண்டுகளை வெடித்தனர். அவற்றிலும் கேடு மிக்கவையாய் முடிந்தவை 1960 க்கும் 1963 க்குமிடையே தறனாக்கி என்னும் களத்திற் செய்யப்பட்ட ‘சிறு சோதனைகள்’. அணுப்பிளவின்றிச் சாதாரண வெடிமருந்தால் ஏறத்தாழ 22 கிலோகிராம் புளூட்டோனியம் அங்குச் சிதறடிக்கப்பட்டது. மாசுபட்ட உருக்கும் ஈயமும் கேபிள்களும் குழிகளிற் புதைக்கப்பட்டன. 1967 இல் மேற்பரப்பை உழுதுவிட்டு, மறு ஆண்டில் அறிக்கையொன்றை எழுதி, பிரித்தானியர் விடைபெற்றனர். நிலம் உரியவர்க்கு மீளவிருந்த 1984 இல் அவுத்திரேலிய ஆய்வாளர் அளந்தபோது, அறிக்கை கூறியதும் நிலம் கூறியதும் பொருந்தவில்லை. குழிகளுள் இருப்பதாகக் கருதப்பட்ட புளூட்டோனியத்திற் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே சிதறிக் கிடந்தது.

குழிகளைத் தூய்மையாக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட முறை ஹான்போர்ட்டின் ஆய்வுகூடத்தில் 1980 அளவிற் பிறந்ததே. நிலத்துள் மின்வாய்களை இறக்கி, பெருமின்னோட்டம் செலுத்தி, மண்ணையும் அதிலுள்ள உலோகத்தையும் இருந்த இடத்திலேயே உருக்கிக் கருங்கண்ணாடிப் பாறையாக்குவது அதன் உத்தி. தோண்ட வேண்டியதில்லை, தூசி எழாது, கேட்பதற்கு இனிய முறை. பல குழிகள் அவ்வாறு உருக்கப்பட்டபின், 1999 மார்ச்சில் ஒரு குழியில் உருக்கல் நடந்துகொண்டிருக்கையில் பெருவெடிப்பு ஏற்பட்டது. உருகிய கண்ணாடி வெளியே வீசப்பட்டது, கருவிகள் சேதமுற்றன, நற்பேறாக எவருக்கும் காயமில்லை. புதைக்கப்பட்டிருந்த ஏதோவொன்று வெடித்திருக்க வேண்டுமென்றே பெரிதும் கருதப்பட்டது. அது யாதென்பதில் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. குழிக்குள் என்ன இட்டோம் என்று இட்டவர் சரிவர எழுதிவைக்காதவிடத்து, அதனை ஆயிரம் பாகைக்கு மேல் சூடேற்றுவது கண்கட்டி நடப்பதற்கு ஒப்பாகும். அதன்பின் அம்முறை கைவிடப்பட்டது. எஞ்சிய குழிகளின் கழிவு உருக்கப்படாமலேயே ஆழங்குறைந்த அகழியிற் புதைக்கப்பட்டது. செலவைக் குறைப்பதற்காகவே இவ்வாறு செய்யப்பட்டதென அத்திட்டத்திற் பணியாற்றிய பொறியியலாளர் அலன் பாக்கின்சன் 2007 இல் வெளியிட்ட நூலிற் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். அரசு அதனை ஏற்கவில்லை. நிலத்துக்குரிய மறலிங்கா சாறுச்சா மக்களுக்கு, உடன்படிக்கைகளில் கண்ணாடி எனப் பேசப்பட்டது மண்ணாய்த் திரும்பிவந்தது.

மீண்டும் ஹான்போர்ட். 1989 இல் மத்திய அரசும் வாஷிங்டன் மாநிலமும் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனமும் செய்துகொண்ட முத்தரப்பு உடன்படிக்கை தாங்கிக் கழிவைக் கண்ணாடியாக்க வேண்டுமென விதித்தது. 1990 களின் பெரும்பகுதி தாங்கிக்குள் என்ன உள்ளது எனக் கண்டறிவதிலேயே கழிந்தது. தாங்கியொன்று காலத்துக்குக் காலம் ஐதரசன் வாயுவை ஏப்பமிட்டு அச்சுறுத்தியது. 2002 இல் ஆலையின் கட்டுமானம் தொடங்கியது. வடிவமைப்பு முற்றுப்பெறுமுன்னரே அத்திவாரம் இடப்பட்டது. போர்க்காலத்து அவசரத்தைத் திருத்தப் புறப்பட்டோரும் அவசரத்தையே கைக்கொண்டனர் என்பது நோக்கற்பாலது. சேறு குழாயில் அடைபடுமா, கலக்குங் கலன்களிற் புளூட்டோனியம் ஓரிடத்திற் குவியுமா, ஐதரசன் சேருமா என்ற ஐயங்களுக்கு விடையின்றி, கழிவைப் பிரித்துத் தயாரிக்கும் பகுதியின் கட்டுமானம் 2012 இல் நிறுத்தப்பட்டது. அவ்வையங்கள் யாவும் ஒரே மூலத்தினின்று எழுந்தவை: 1944 இல் அமிலத்தைக் காரமாக்கியதால் உண்டான சேறு.

முடிவில் கழிவின் மேலுள்ள உப்புத் திரவத்தை மாத்திரம் சீசியம் நீக்கி நேரே உலைக்கு அனுப்பும் குறுக்குவழி வகுக்கப்பட்டது. சில தாங்கிகளின் இத்தகைய கழிவைச் சீமெந்தோடு குழைத்து வேற்று மாநிலங்களிற் புதைக்கும் ஏற்பாடும் 2025 இன் தொடக்கத்தில் உறுதியான இணக்கப்பாட்டில் இடம்பெற்றது. மலிவும் விரைவும் அதற்கு ஆதரவாக உள்ளன. எண்பது ஆண்டுக்கு முன் தாங்கியைத் தெரிந்தபோதும் இவ்விரண்டு சொற்களே ஆதரவாக இருந்தன. ஆயினும் கண்ணாடிக்காகக் காத்திருக்கும் ஒவ்வோராண்டும் துருப்பிடித்த தாங்கிகளுக்கு ஓராண்டு என்பதையும் மறுத்தல் இயலாது. இவ்விரண்டினுள் எது சரி என இக்கட்டுரையாளர் துணிந்து கூறுவதற்கில்லை. சீமெந்தை ஏற்போர் அக்கலவையிலிருந்து நைத்திரேற்றும் தெக்கினீசியமும் வெளியேறும் வேகத்துக்குக் கணக்குக் காட்டும் கடமையுடையர் என்பது மட்டும் தெளிவு.

2025 ஒக்டோபரில் ஹான்போர்ட்டின் தாங்கிக் கழிவு முதன்முறையாக 1150 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாயிற்று. முந்நூறு தொன் நிறையுடைய இரு உலைகள் அதற்கென அமைந்துள்ளன. வார்க்கப்படும் கலன்கள் அவ்விடத்திலேயே நிலத்திற் புதைக்கப்படும். யாக்கமா மக்களின் உடன்படிக்கை நிலம் அது. உருகத் தொடங்கியுள்ளது குறைந்த கதிர்த்தொழிற்பாடுடைய மேற்திரவமே. ஸ்ரொன்சியமும் புளூட்டோனியமும் செறிந்த சேறு இன்னும் தாங்கிகளின் அடியிலேயே உள்ளது. அதனை உருக்கும் ஆலை 2033 இல் இயங்க வேண்டுமென நீதிமன்றக் கட்டளை கூறுகின்றது. அவ்வாலையின் கட்டுமானம் இன்னும் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது.